மெய்ப்பாடும் முகக்கவசமும்: பெருந்தொற்றுக்காலப் பெண் மருத்துவர்களின் தன்கூற்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

கொரோனாப் பெருந்தொற்றின்போது பணியாற்றிய பெண் மருத்துவர்கள் தம் பட்டறிவைச் சொன்ன முறைகளையும் சொல்ல இயலாது போன நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சீனாவின் ஐ ஃபென் அளித்த தன்கூற்று, பிரித்தானியாவின் ரேச்சல் கிளார்க் எழுதிய 'பிரெத்டேக்கிங்' என்னும் நூல், அந்நூலின் தொலைக்காட்சி வடிவம், அமெரிக்காவின் லோர்னா பிரீன் விட்டுச்சென்ற மௌனம் ஆகியவை தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணைகொண்டு வாசிக்கப்படுகின்றன. பொதுவெளி இவர்களுக்கு வழங்கியது பெருமிதம். இவர்கள் வாழ்வில் எஞ்சி நிற்பது அசைவு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பெருந்தொற்று, பெண் மருத்துவர், தன்கூற்று, மெய்ப்பாடு, அசைவு, சாட்சிய எழுத்து

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாத் தொற்றைப் பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது; 2023 மே 5 அன்று உலகளாவிய நெருக்கடிநிலை முடிந்தது என அறிவித்தது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் வரலாற்றுக்குரியது. அதன் பின்விளைவுகளுக்கு இத்தகைய எல்லைத் தேதி எதுவும் இல்லை. உலகெங்கும் நலவாழ்வு, சமூகப் பராமரிப்புத் துறைகளில் பணியாற்றுவோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள் என்று அந்நிறுவனமே 2019இல் சுட்டியிருந்தது. ஆகவே பெருந்தொற்றின் சுமை பெண்ணுடல்கள் மீதே மிகுதியாக விழுந்தது என்பதை நிறுவத் தனிச்சான்று தேவையில்லை. அந்தச் சுமை எந்த மொழியில் சொல்லப்பட்டது, யாரால் கேட்கப்பட்டது என்பதே இங்கு வினா.

இத்தகைய இக்காலப் பனுவல்களைப் பண்டைய இலக்கணம் கொண்டு வாசித்தல் தகுமா என்னும் ஐயம் எழலாம். வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கு உளமருத்துவம் செய்த ஜோனதன் ஷே, அவர்களின் சிதைவை ஹோமரின் 'இலியட்' காப்பியத்தோடு ஒப்புநோக்கி 1994இல் 'அகிலீஸ் இன் வியட்நாம்' என்னும் நூலை எழுதினார். உயிர் பணயமாகும் சூழலில் அதிகாரத்தில் உள்ளோர் அறத்தைக் கைவிடும்போது கீழிருப்போர் உள்ளத்தில் ஏற்படும் காயத்தை அவர் அந்நூலில் விளக்கினார். அறக்காயம் எனத் தமிழில் சொல்லத்தக்க அக்கருத்தையே பெருந்தொற்றுக்கால மருத்துவர்கள் பலரும் தம் நிலையை விளக்கக் கையாண்டனர். கிரேக்கக் காப்பியம் அமெரிக்கப் போர்வீரர்க்கு உரைகல் ஆகுமெனில், உணர்வு உடலில் வெளிப்படும் முறையை வகுத்த மெய்ப்பாட்டியல் மருத்துவர்க்கு ஆகாது என்பதற்கு நியாயம் இல்லை.

பெருமிதமும் கைதட்டலும்

பெருமிதம் தோன்றும் களங்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவார். அஞ்சாமையாகிய தறுகண், புகழாகிய இசைமை, கொடை, கல்வி என்பன அவை. 2020இல் மருத்துவர்மேல் ஏற்றப்பட்ட புகழுரைகளை இந்நான்கினுள் அடக்கிவிடலாம். கல்வி அவர்களுக்குத் தொழிலாலேயே உரியது. தறுகண் போர்க்கள உருவகத்தால் வந்தது. 'முன்களப் பணியாளர்' என்று தமிழில் நிலைபெற்ற தொடரே களத்தையும் படையையும் உள்ளடக்கியது. இசைமை மார்ச் 22 மாலை இந்திய வீதிகளில் எழுந்த கையொலியிலும், மார்ச் 26 தொடங்கிப் பத்து வாரங்கள் வியாழன் இரவு 8 மணிக்குப் பிரித்தானிய வாசல்களில் எழுந்த கையொலியிலும் கேட்டது. மே 3 அன்று இந்திய மருத்துவமனைகள் பலவற்றின்மீது வானூர்திகள் பூமாரி பொழிந்தன. கொடை, உயிரையே கொடுப்பவர் என்ற புகழ்ச்சியில் அடங்கிற்று.

இப்புகழ்ச்சி பொய்யன்று. ஆயினும் பெருமிதம் முழுமையாக ஏற்றப்பட்ட ஒருவருக்கு அச்சம், அழுகை, இளிவரல் ஆகிய ஏனைய மெய்ப்பாடுகளுக்கு இடமில்லாது போகிறது. பெண் மருத்துவர்க்கு இது இருமடங்காகிறது. 'தேவதை', 'தாய்' என்னும் சொற்கள் அவர்மேல் கூடுதலாகச் சார்த்தப்பட்டன. போர்வீரனுக்குத் தோற்பதற்கேனும் இடமுண்டு. தேவதைக்கு அதுவும் இல்லை.

மெய்ப்பாடு என்பதன் சொற்பொருளே ஈண்டு நோக்கற்பாலது. உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் பட்டுப் புலனாதலே மெய்ப்பாடு. பெருந்தொற்று மருத்துவரின் மெய்யை மறைத்தது. முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி, இரட்டைக் கையுறை ஆகியவற்றுக்குள் இருப்பவர் எவரெனச் சக பணியாளர்க்கே தெரியாததால் மேலங்கியில் பெயரை எழுதிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் தோன்றியது. நோயாளி காணும் கடைசி முகம் முகமற்றதாயிற்று. அக்கவசம்கூடப் பெண்ணை எண்ணி அளவெடுக்கப்பட்டதன்று. பாதுகாப்புக் கருவிகள் ஆணுடலை இயல்பான அளவாகக் கொண்டே வடிவமைக்கப்படுவதைக் கரோலைன் கிரியாடோ பெரஸ் தம் 'இன்விசிபிள் விமன்' நூலில் பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இல் எடுத்துக்காட்டியிருந்தார். பொருந்தாத கவசத்தை இறுக்கிக் கட்டியதால் கன்னத்திலும் மூக்கின்மேலும் பதிந்த வடுக்களின் ஒளிப்படங்கள் அந்நாள்களில் உலகெங்கும் பரவின. கவசம் கழன்றபின் அம்முகங்களில் காணக்கிடைத்த மெய்ப்பாடு அவ்வடுவே. பார்த்தவர்கள் அதையும் பெருமிதமாகவே வாசித்தனர்.

வெள்ளங்கிக்குள் மறைந்த அங்கி: ஐ ஃபென்

வூகான் மையமருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுத் தலைவர் ஐ ஃபென். 2019 டிசம்பர் 30 அன்று தம் கைக்கு வந்த ஆய்வக அறிக்கையில் சார்ஸ் கொரோனாத் தீநுண்மி என்றிருந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, உடன்பயின்ற மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். அன்றிரவே அப்படம் வூகான் மருத்துவர்களிடையே பரவியது. அதைப் பகிர்ந்தவர்களுள் ஒருவர் 2020 பிப்ரவரி 7 அன்று அதே நோயால் மறைந்த கண் மருத்துவர் லி வென்லியாங். ஜனவரி 2 அன்று ஐ ஃபென் மருத்துவமனையின் ஒழுங்குக் கண்காணிப்புப் பிரிவால் அழைக்கப்பட்டுக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். வதந்தி பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். கணவரிடமும் இதைச் சொல்லலாகாது என அறிவுறுத்தப்பட்டார். இவற்றை அவர் 'ரென்வு' என்னும் இதழுக்குச் சொல்ல, அது 'ஊதலைக் கொடுத்தவர்' என்னும் பொருள்படும் தலைப்பில் மார்ச் 10 அன்று வெளியாகிச் சில மணிநேரத்தில் நீக்கப்பட்டது.

நீக்கப்பட்டபின் அப்பனுவலுக்கு நேர்ந்தது எழுத்து வரலாற்றில் அரிய நிகழ்வு. சீன வாசகர்கள் அதை மோர்ஸ் குறியீட்டிலும், பார்வையற்றோர்க்கான பிரெயில் புள்ளிகளிலும், உணர்ச்சிப் படவுருக்களிலும், தலைகீழ் வரிசையிலும், ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த பழஞ்சீன எழுத்துருவிலும் மாற்றி மாற்றிப் பரப்பினர். தணிக்கைக் கருவியின் கண்ணில் படாதிருக்க ஒரு பெண்ணின் கூற்று மூவாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள எழுத்துக்குள் புகுந்துகொண்டது. அதனை எழுத்துக்கூட்டிப் படிக்க இயன்றவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. படிப்பதைக் காட்டிலும் வைத்திருப்பதே அங்குச் செயலாயிற்று.

இக்கூற்றின் நடுவே வரும் ஒரு செய்தி தனித்து நோக்கத்தக்கது. பாதுகாப்பு அங்கி வெளியில் தெரிந்தால் பீதி உண்டாகும் என்று தடுக்கப்பட்டபோது, வெள்ளங்கிக்கு உள்ளே பாதுகாப்பு அங்கியை அணியுமாறு ஐ ஃபென் தம் பிரிவினருக்குச் சொல்லியிருக்கிறார். உண்மைக் காரணத்தைச் சொல்ல இயலாமல், முகக்கவசம் அணியுங்கள், கைகளைத் தூய்மை செய்யுங்கள் என்ற அளவிலேயே எச்சரிக்கையை நிறுத்திக்கொண்டிருக்கிறார். அறிவை மறைத்துக்கொண்டு அறிவுறுத்தவேண்டிய இந்நிலையில், உள்ளங்கி ஒரு மொழியாகிறது. மெய்ப்பாடு மெய்யில் படாதவாறு மெய்யின்மேலேயே ஒளித்துவைக்கப்படுகிறது.

அச்சத்துக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகிய மூன்றும் புறத்திருந்து வருவன. நான்காவது, தம்மை ஆளும் இறை. நோயை அணங்கு எனக் கொள்ளின், பெருந்தொற்று எழுத்துகள் பெரும்பாலும் அணங்கச்சம் பேசுவன. ஐ ஃபென்னின் கூற்று இறையச்சம் பேசுவது. கண்டிக்கப்பட்டு வீடு திரும்பிய அவர், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளைகளை நன்றாக வளர்க்குமாறு கணவரிடம் சொல்கிறார். இரண்டாம் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுக்குச் சற்று மேல். காரணத்தைச் சொல்லவில்லை. இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது ஜனவரி 20 அன்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே சொல்கிறார். அலுவலகத்தின் தடை படுக்கையறை வரை வந்து நின்ற அந்த இடைநாள்களே இப்பனுவலின் உயிர்நிலை. ஆண் மருத்துவரின் சாட்சியத்தில் வீடு பெரும்பாலும் பின்னணியாக இருக்கும். இங்கு வீடே சாட்சியம் நிகழும் களம்.

இன்னொரு மொழிக்கூறும் உண்டு. இவ்வாறாகும் என்று தெரிந்திருந்தால் கண்டிப்பைப் பொருட்படுத்தாமல் எங்கும் சொல்லித் திரிந்திருப்பேன் என்னும் பொருள்பட வரும் வாக்கியத்தில் ஐ ஃபென் தம்மைச் சுட்டப் பயன்படுத்தும் சொல் 'லாவ்ட்ஸ'. தந்தை, மூத்தவன் என்னும் பொருளடியாகப் பிறந்து, ஆண்கள் செருக்கோடும் சினத்தோடும் தம்மைச் சுட்டிக்கொள்ளும் முரட்டுத் தன்மைச்சொல் அது. 'உங்கப்பன்டா' என்று தெருச்சண்டையில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் வழக்கு இதற்கு நெருங்கியது. கற்றறிந்த பெண் மருத்துவர் ஒருவர் தம் கழிவிரக்கத்தின் உச்சியில் இச்சொல்லை எடுக்கிறார். சினத்தைச் சொல்லப் பெண்ணுக்கெனத் தனித் தன்மைச்சொல் அம்மொழியில் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்றும், ஆணுக்குரிய சொல்லை அவர் பறித்தெடுத்தார் என்றும் இருவகையாகவும் வாசிக்க இடமுண்டு. பின்னதே பொருத்தமானது. அவ்வாக்கியமே மக்கள் நாவில் மிகுதியும் நின்றது.

உறங்கா இரவின் உரைநடை: ரேச்சல் கிளார்க்

ரேச்சல் கிளார்க் தொலைக்காட்சி இதழாளராக இருந்து மருத்துவம் பயின்றவர். ஆக்ஸ்போர்டு பகுதியில் வலிதணிப்பு மருத்துவராகப் பணியாற்றுபவர். 2021 ஜனவரியில் வெளியான அவரது 'பிரெத்டேக்கிங்' 2020ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களைப் பேசுகிறது. உறக்கம் வராத இரவுகளில் எழுதப்பட்டது இந்நூல். ஆங்கிலத்தில் அத்தலைப்பு அழகின் வியப்பையும் குறிக்கும், மூச்சைப் பறித்தலையும் குறிக்கும். மருட்கையும் அச்சமும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

வலிதணிப்பு மருத்துவரின் கலை அருகிருத்தல். கையைப் பற்றுதல், முகத்தைக் காட்டுதல், உறவினரை அமரச்செய்தல், தாழ்ந்த குரலில் பேசுதல் ஆகியனவே அவருடைய கருவிகள். கொரோனாப் பிரிவு இவற்றை ஒவ்வொன்றாகப் பறித்தது. உறவினர் வருகை தடுக்கப்பட்டது. விடைபெறும் சொற்கள் கைபேசித் திரை வழியே சென்றன. ஆகவே தீவிரச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கக்கூடிய நூலிலிருந்து இது வேறுபடுகிறது. மற்றவர்களுக்கு அந்நாள்கள் பணிப்பெருக்கம். இவருக்குத் தொழிலின் சாரமே கைநழுவிய காலம். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளின் பின் நிரல்படுத்தும் முப்பத்திரண்டனுள் 'கையாறு' ஒன்று. செய்வது அறிந்தும் செய்ய வழியின்றி நிற்கும் அந்நிலையை இந்நூலைப் போல விடாது பின்தொடரும் பெருந்தொற்றுக்கால உரைநடை அரிது.

நூலின் மற்றொரு நரம்பு வெகுளி. பிரித்தானிய அரசு 2020 மார்ச் 19 அன்று கொரோனாத் தொற்றை உயர்விளைவுத் தொற்றுநோய்ப் பட்டியலிலிருந்து விடுவித்தது. அந்நாள்களிலேயே பாதுகாப்புக் கருவிகள் குறித்த வழிகாட்டல்களும் தளர்ந்தன. கருவித் தட்டுப்பாடு நிலவிய நேரத்தில் நிகழ்ந்த இத்தளர்வை மருத்துவர் பலர் அறிவியலின் முடிவாக ஏற்கவில்லை. வெகுளிக்கான நிலைக்களன்களுள் குடிகோள் என்பது தன்னைச் சார்ந்தோர்க்குக் கேடு சூழப்படுதல். கிளார்க்கின் சினம் தமக்காக எழுவதைவிடச் சக பணியாளர்க்காகவும் பராமரிப்பு இல்லங்களின் முதியவர்களுக்காகவும் எழுவது. அவ்வகையில் அது குடிகோள் வெகுளி.

நூலின் குறையும் இங்கேதான் உள்ளது. சினம் உச்சமடையும் இடங்களில் கிளார்க்கின் உரைநடை பெரும்பாலும் பணியாளர்களின் அன்பையும் எளிய மக்களின் கனிவையும் பாடும் திசையில் திரும்பிவிடுகிறது. ஆர்தர் ஃபிராங்க் 'தி வூண்டெட் ஸ்டோரிடெல்லர்' நூலில் நோய்க்கதைகளை மீட்சிக்கதை, குழப்பக்கதை, தேடல்கதை என மூவகைப்படுத்துவார். கிளார்க் குழப்பத்தை வாழ்ந்து, தேடலாக எழுதுகிறார். கைதட்டலை ஐயுறும் அதே நூல், தானும் ஒருவகைக் கைதட்டலில் இளைப்பாறுகிறது. மேலும், 2020 ஏப்ரல் முற்பகுதிக்குள் பிரித்தானியாவில் கொரோனாவால் இறந்ததாகப் பெயரறியப்பட்ட முதல் பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர்கள். இந்த உண்மையை நூலுக்குள் நின்று சொல்லவேண்டியவர் கிளார்க்காக இருத்தல் அரிது. அவருடைய குரல் எவ்வளவு நேர்மையானதாயினும், அது கேட்கப்படும் வாய்ப்புப் பெற்ற குரல்.

தொலைக்காட்சி வடிவம்

2024 பிப்ரவரியில் ஐடிவி தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக வெளியான நாடகத்தைக் கிளார்க், ஜெட் மெர்குரியோ, பிரசன்னா புவனராஜா ஆகிய மூவரும் எழுதினர். மூவரும் மருத்துவம் பயின்று பணியாற்றியவர்கள். புவனராஜா இலங்கைத் தமிழ் வழியினர், மருத்துவப்பணியிலிருந்து நடிப்புக்கு வந்தவர். நூலின் தன்மைக்கூற்று இங்கு அபி ஹெண்டர்சன் என்னும் புனைவுப் பாத்திரமாகிறது. ஜோன் ஃபிராகட் நடித்தார். அமைச்சர்களின் உண்மையான அறிவிப்புக் காட்சிகள் மருத்துவமனைக் காட்சிகளுக்கு இடையே வெட்டி ஒட்டப்படுகின்றன. ஆட்சியாளர் உண்மையாகவும் மருத்துவர் புனைவாகவும் ஒரே திரையில் நிற்பது கூர்மையான உத்தி. ஆனால் வாதத்தை நாடகமே நடத்துவதற்குப் பதிலாகச் செய்தித் துண்டுகள் நடத்திவிடுகின்றன.

நாடகத்தின் உண்மையான வெற்றி வேறிடத்தில் உள்ளது. நடிகரின் முகம் கவசத்தால் மறைக்கப்பட்ட நீண்ட காட்சிகளில் கண்கள் மட்டுமே எஞ்சுகின்றன. மெய்ப்பாட்டின் உறுப்புகளுள் கண்ணுக்குத் தமிழ் மரபு தரும் முதன்மை இங்கு வலுவந்தமாக நிகழ்கிறது. நூல் 2020 ஏப்ரலோடு நிற்க, நாடகம் இரண்டாம் அலை வரை நீள்வதும் முக்கியமானது. முதல் அலையின் மருத்துவர் அறியாமையால் அஞ்சினார். இரண்டாம் அலையின் மருத்துவர் அறிந்தே மீண்டும் உள்ளே நுழைந்தார். நெடுவிளைவுகளின் தொடக்கம் இந்த இரண்டாம் நுழைவில்தான்.

சொல்லாது போன கூற்று

நியூயார்க்கின் மேல் மன்ஹாட்டனில் அவசரச் சிகிச்சைப் பிரிவொன்றின் இயக்குநராக இருந்த லோர்னா பிரீன், 2020 மார்ச்சில் தாமே தொற்றுக்குள்ளாகி, விரைவில் பணிக்குத் திரும்பி, முற்றிலும் தளர்ந்து, ஏப்ரல் 26 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிய நூல் இல்லை, அளித்த நேர்காணல் இல்லை. உளநலச் சிகிச்சை பெற்றால் மருத்துவ உரிமத்துக்கும் தொழில்மதிப்புக்கும் ஊறு நேரும் என்று அவர் அஞ்சியதை உறவினர்கள் பின்னர் தெரிவித்தனர். அவர் பெயரால் இயற்றப்பட்டு 2022 மார்ச் 18 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், மருத்துவப் பணியாளரின் உளநலத்துக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் நிதி ஒதுக்குகிறது. மருத்துவர் உரிம விண்ணப்பங்களில் உளநோய் வரலாற்றைத் துருவும் வினாக்களை நீக்கும் இயக்கமும் அவர் பெயரோடு வளர்ந்தது.

ஃபிராங்க் கூறும் குழப்பக்கதை சொல்லப்பட இயலாதது. வாழ்பவரே அதற்குள் இருப்பதால் சொல்வதற்கான தொலைவு அவருக்கு வாய்ப்பதில்லை. பிரீனின் மௌனம் அத்தகையது. விண்ணப்பப் படிவத்தின் ஒரு வினா, ஒருவர் தன்கூற்றை எழுதுவதற்கு முன்பே அதற்குத் தண்டனை விதித்துவிடுகிறது. அவ்வகையில் வூகானின் கண்டிப்பும் அமெரிக்காவின் படிவமும் வெவ்வேறு அரசியலில் பிறந்து ஒரே தொழிலைச் செய்தன. பிரீனின் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையின் பெயரில் 'ஹீரோஸ்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளதையும் கருதவேண்டும். பெருமிதத்தின் சுமையால் நசுங்கியவரை நினைவுகூரவும் பெருமிதத்தின் சொல்லே கிடைக்கிறது. குடும்பத்தாரைக் குறைசொல்ல இதில் ஏதும் இல்லை. பொதுமொழியின் வறுமை அது.

அசைவு

அழுகைக்குரிய களங்களாக இளிவு, இழவு, வறுமை ஆகியவற்றோடு அசைவையும் தொல்காப்பியர் வைத்தார். இழவு உறவையும் இன்பத்தையும் இழத்தல். அதற்குச் சடங்குண்டு, நாள் உண்டு. அசைவு என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம், முன்னிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் என்னும் கருத்துடையது. இறந்தவர் எவருமில்லாமலும் அசைவு நிகழும். முன்னிருந்த தானே இல்லாதுபோன துக்கம் அது. பெருந்தொற்றின் நெடுவிளைவுகளைப் பேசும்போது 'தளர்ச்சி', 'மன அழுத்தம்' என்னும் சொற்கள் மருத்துவ அறிக்கைகளுக்குப் போதுமானவை. இலக்கியத் திறனாய்வுக்கு 'அசைவு' நுண்ணிய சொல்.

இதற்கு உடல்சார் சான்றும் உண்டு. நீள்கொரோனாவால் பாதிக்கப்பட்ட 600க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் பிரித்தானிய மருத்துவச் சங்கம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பணிசெய்யவே இயலாத நிலையில் இருந்தார். நீள்கொரோனா ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி என்பது பல ஆய்வுகள் ஒத்துக்கொள்வது. நோயறிந்து பெயரிடும் அதிகாரம் பெற்றிருந்தவர், தம் நோயைப் பிறர் நம்பும்படி எடுத்துரைக்கவேண்டிய இடத்துக்கு வந்து சேர்கிறார். மருத்துவமனையின் மேசைக்கு எதிர்ப்புறத்தில் அவர் அமர்வதே அசைவின் துல்லியமான காட்சி. இக்காட்சியை மையமாகக் கொண்ட பெரும்படைப்பு இன்னும் தோன்றவில்லை. நெருக்கடிக்கு நாட்குறிப்பு என்னும் வடிவம் ஆயத்தமாகக் கிடைத்தது. நெருக்கடிக்குப் பின்னான நீண்ட பகல்களுக்கு வடிவம் தேடவேண்டியுள்ளது.

கிளார்க்கின் பிற்கால எழுத்தை இந்த நோக்கில் வாசிக்கலாம். 2024இல் வெளியாகி, 2025இல் பெண்களுக்கான புனைவல்லா நூற்பரிசைப் பெற்ற 'தி ஸ்டோரி ஆஃப் எ ஹார்ட்', ஒரு சிறுமியின் இதயம் ஒரு சிறுவனுக்குப் பொருத்தப்பட்ட உண்மை நிகழ்வைச் சொல்கிறது. பெருந்தொற்று பற்றி அந்நூலின் கருப்பொருளில் ஏதும் இல்லை. அந்நிகழ்வு நடந்த ஆண்டு 2017. படுக்கையருகில் உறவினர் அமர்ந்திருக்க இயன்ற, மருத்துவரின் முகம் நோயாளிக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனைக்கு, நான்கு மாத இரவுகளை எழுதிய கை திரும்பிச் சென்றிருக்கிறது.